மொரீஷியஸில் “வகுப்பு 2” புயல் எச்சரிக்கை: வந்து பதினோரு நாள்தான் ஆகிறது, உதவுங்கள்

தண்டையார்பேட்டை மருமகள்
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மொரீஷியசுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. காலையிலிருந்து கைப்பேசியில் புயல் எச்சரிக்கை, வகுப்பு 2 என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தெருமுனைக் கடையில் மெழுகுவத்தி வாங்க வரிசை நிற்கிறது. கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து இந்த ஊர்க் கிரியோல் மொழியில் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். “சிக்ளோன்” என்பது புரிந்தது. “அன்பா, அன்பா” என்று இரண்டு முறை சொன்னார், தமிழோ என்றுகூட நினைத்தேன். வேறு எதுவும் விளங்கவில்லை.

என் மாமனார் காசிமேட்டில் படகு வைத்திருந்தவர். துறைமுகத்தில் இரண்டாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை விட்டு யாரும் எழுந்ததில்லை. இங்கே இரண்டுக்கே ஏன் இவ்வளவு பதற்றம்? நாளை காலை ஒன்பது மணிக்கு மகனைப் பள்ளியில் சேர்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். போகாவிட்டால் இடம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா? விரைவாகச் சொல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை – இப்போது ரோஸ் ஹில்
தங்கச்சி, பள்ளியைப் பற்றிக் கேட்டது நல்லது. இங்கே தொடக்கப் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம். சேர்க்கும் அன்றே அதைக் கேட்டு எழுதிக்கொடுங்கள். நான் கேட்காமல் விட்டு, இரண்டு ஆண்டு என் மகளுக்கு அ, ஆ கூடத் தெரியாமல் போனது.

மொழிதான் இந்த ஊரில் முதல் அடி. நான் வந்த புதிதில் எதிர்வீட்டு வாசலில் நம்மூர்ப் பெயரைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தமிழில் பேசினேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பதில் பேசத் தெரியவில்லை. அவருடைய பாட்டியோடு மொழி போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதல் மூன்று மாதம் அப்படித்தான் கழிந்தது. கடைகள் மாலையிலேயே மூடிவிடும், ஞாயிறு பிற்பகலில் தெரு வெறிச்சோடிவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டின் சத்தத்துக்குக்கூட மனம் ஏங்கியது. சந்தையில் முருங்கைக்கீரையை “ப்ரெத் முரூம்” என்று விற்றதைக் கேட்ட நாளில்தான் கொஞ்சம் தெம்பு வந்தது.

திருவொற்றியூர்க்காரன்
அக்கா சொல்வது போல எனக்கு ஒருநாளும் தனிமை இருந்ததில்லை. வந்த முதல் வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போனேன். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு இது. பர்ஸில் இருக்கும் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ் எழுத்து இருக்கும். 1998-ல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள், மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. பேச மறந்த மொழிக்காக நின்றவர்கள் அவர்கள். அவர்களிடம் போய்ப் பழகுங்கள் அம்மா.

புயலுக்குப் பயப்பட வேண்டாம். நான் இருக்கும் காலத்தில் வகுப்பு 2 பலமுறை வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் விலகித்தான் போயிருக்கிறது. நன்றாகத் தூங்குங்கள்.

எண்ணூர் – போர்ட் லூயிஸ்
தயவுசெய்து யாரிடமும் இப்படிச் சொல்லாதீர்கள். 2024 ஜனவரி 15 அன்று, பெலால் புயலின்போது, நான் போர்ட் லூயிஸ் நகரத்துக்குள் இருந்தேன். காலையில் வேலைக்கு வரச் சொன்னார்கள். மழை கொட்டத் தொடங்கி, தெருவெல்லாம் ஆறாகிக் கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்த பிறகும் மேற்பார்வையாளர் எங்களை விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்துதான் வீடு சேர்ந்தேன். மேலே மலை, கீழே துறைமுகம், நடுவில் ஊர். மழை பெய்தால் தண்ணீர் முழுவதும் தெரு வழியாகத்தான் இறங்கும்.

வியாசர்பாடி தம்பி
நீங்களாவது அன்று வீடு சேர்ந்தீர்கள் அண்ணா. நான் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தையே இன்னும் அடைத்து முடிக்கவில்லை. சொன்ன சம்பளம் வேறு, கொடுத்த சம்பளம் வேறு. தங்கும் அறையில் எட்டுப் பேர்.

பழைய வண்ணாரப்பேட்டை – இப்போது ரோஸ் ஹில்
வீட்டு முன்பணத்தையும் சொல்லுங்கள். காலி செய்தபோது சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக் காட்டிப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மீன் விலையோ கேட்கவே வேண்டாம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கூடை கூடையாகப் பார்த்து வளர்ந்தவள், சுற்றிலும் கடலாக இருக்கும் நாட்டில் டின் மீன் வாங்குகிறேன்.

மண்ணடிப் பெரியவர்
நான் வெளிநாடு போனவன் இல்லை, பேரன் அங்கே இருப்பதால் இதைப் படிக்கிறேன். அந்தத் தீவு நம் ஊருக்கு அந்நியமானது அல்ல என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல விரும்புகிறேன். போர்ட் லூயிஸ் துறைமுகத்தருகே சிலையாக நிற்கும் லா போர்தொன்னே, 1735-ல் அங்கே பிரெஞ்சு ஆளுநராகப் போனவர். அந்த ஊரைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து நம் கைவினைஞர்களை வரவழைத்தார். 1746 செப்டம்பரில் அங்கிருந்து கப்பல்களோடு வந்து நம் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்ததும் அவர்தான். அடுத்த மாதமே சென்னைக் கடலில் புயல் அடித்து அவருடைய கப்பல்களை உடைத்துப்போட்டது. ஊரைப் பிடித்தவரால் காற்றை எதிர்த்து நிற்க முடியவில்லை. ஆகவே அம்மா, அலட்சியம் வேண்டாம்.

ராயபுரம், கல்மண்டபம்
மொரீஷியஸில் ஒன்பது ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பியவன் நான். மற்றவற்றை நாளை பேசலாம். இப்போது ராயபுரத்தில் மணி ஐந்து, அந்தப் பெண்ணுக்கு மூன்றரை. வெளிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன.

தங்கச்சி, நம் துறைமுகக் கூண்டு 11 வரை ஏறும். அதில் 1, 2 என்றால் புயல் எங்கோ தொலைவில் இருக்கிறது என்று பொருள். 8-க்கு மேல் போனால்தான் காசிமேடே நடுங்கும். மொரீஷியஸில் மொத்தமே நான்கு வகுப்புதான், எண் சொல்வது நேரக் கணக்கை. வகுப்பு 1 என்றால் இன்னும் ஒன்றரை, இரண்டு நாள் இருக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசும் வாய்ப்பு இருந்தால், அதற்கு முன் சுமார் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி வகுப்பு 2 அறிவிப்பார்கள். வகுப்பு 3 என்றால் அது ஆறு மணி நேரம். வகுப்பு 4 என்றால் அந்தக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் இரண்டு நம் ஊர் இரண்டு அல்ல.

நாளை பள்ளி திறக்காது. எல்லோருக்கும்தான் மூடல், உங்கள் இடம் எங்கும் போகாது. வகுப்பு 3 வந்தால் வேலையிடங்கள் மூடும், பஸ் நிற்கும்.

நீங்கள் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்லுங்கள். எந்த ஊர்? எத்தனையாவது மாடி? கணவர் இப்போது எங்கே?

தண்டையார்பேட்டை மருமகள்
மன்னிக்கவும் அண்ணா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். போர்ட் லூயிஸ், மூன்றாவது மாடி. கூடத்தில் பெரிய கண்ணாடி நகரும் கதவு இருக்கிறது. அவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார், இரவுப் பணிக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். நானும் மகனும் மட்டும்தான் இருக்கிறோம். அவனுக்கு நான்கு வயது.

ராயபுரம், கல்மண்டபம்
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அம்மா. விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலை, நீங்கள் வடமேற்கு. உடனே அவருக்குப் போன் செய்து, வகுப்பு 3 வருவதற்குள் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அங்கேயே பாதுகாப்பாக இருக்கட்டும், நடுவழியில் சிக்கிக்கொள்ளக் கூடாது.

அந்த ஊரில் மின்சாரம் போனால் “பெனா குராங்”, தண்ணீர் போனால் “பெனா டிலோ” என்பார்கள். இரண்டும் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2016 வர்தாவுக்குப் பிறகு நம் தெருக்களில் குடத்தோடு அலைந்தோமே, அதை நினைத்துக்கொண்டு வாளி, அண்டா, பாட்டில் எல்லாவற்றிலும் இப்போதே தண்ணீர் பிடியுங்கள். இரண்டு நாளுக்குச் சமைக்காமல் தின்னக்கூடியதை வாங்குங்கள், ரொட்டி, பிஸ்கட், அக்கா சொன்ன டின் மீன். பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, மகனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் ஒரே பையில் இருக்கட்டும். கைப்பேசி முழுச் சார்ஜில் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் 114, போலீஸ் 999, தீயணைப்பு 115.

1960-ல் கேரல் புயல் குடிசைகளை வாரிக்கொண்டு போன பிறகு அந்தத் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. சுவர் தாங்கும், கண்ணாடி தாங்காது. கூடத்தில் படுக்காதீர்கள். நம்மூர்ப் படகுக்காரர்களின் காற்றுத் திசைக் கணக்கும் அங்கே பொருந்தாது. நம்மூர்ப் புயல் இடஞ்சுழி, அங்கே வலஞ்சுழி. நடுவில் திடீரென்று காற்று அடங்கினாலும் கதவைத் திறக்காதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும்.

இன்னொன்று. கிரியோலில் “அன்பா” என்றால் கீழே. அந்த அம்மாள் உங்களைக் கீழே வரச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். போய்க் கேளுங்கள்.

திருவொற்றியூர்க்காரன்
தூங்கச் சொன்னது தவறு, மன்னித்துவிடுங்கள் அம்மா. அவர் வரும் பஸ் தாமதமானால் இங்கே எழுதுங்கள், கார் வைத்திருக்கும் நண்பர் தீவின் நடுவிலுள்ள கியூர்பிப் ஊரில் இருக்கிறார். வகுப்பு 3-க்கு முன்னால் என்றால் கேட்டுப் பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டை மருமகள்
அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார், பாதி வழி வந்துவிட்டாராம். தண்ணீர் பிடித்துவிட்டேன். கீழே போய் “அன்பா?” என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். ஜன்னல் இல்லாத நடு அறையில் எங்களுக்காகப் பாய் விரித்து வைத்திருக்கிறார். மகன் இப்போதே அதில் படுத்துக்கொண்டான். நான் மேலே போய்ப் பையை எடுத்து வருகிறேன்.