நினிவே மதிலை உடைத்தது வெள்ளமா?

சீயோன் மைந்தன்: அசீரியத் தலைநகர் நினிவே அழியும் என்று சொல்லும் பைபிளின் நாகூம் தீர்க்கதரிசனம் வெறும் பழிவாங்கும் பாட்டு என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்று மதகுகள் திறக்கும், அரண்மனை கரையும் என்று இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கி.மு. 612-ல் அப்படியே வெள்ளம் வந்து மதில் விழுந்தது. நினிவே விழுந்ததை எழுதிவைத்த பாபிலோனியக் களிமண் பலகையே சாட்சி. அசீரியாவின் கொடுமையைக் கர்த்தர் சும்மா விடவில்லை.

நெடுந்தூரன்: அந்த 'ஒருவர்' நான்தான், பேரைச் சொல்ல என்ன தயக்கம்? பலகையைப் படித்துவிட்டா எழுதுகிறீர்கள்? பாபிலோனியக் கணக்கில் சிமானு மாதம் தொடங்கி ஆபு மாதம் வரை மூன்று மாதம் முற்றுகை, பிறகு நகரம் பிடிபட்டது. அவ்வளவுதான். வெள்ளம் என்று ஒரு வரி கிடையாது. ஆபு என்றால் ஜூலை, ஆகஸ்ட். டைகிரிஸ் ஆறு பெருகுவது மலைப்பனி உருகும் வசந்தத்தில். கோடையில் எந்த வெள்ளம்?

சீயோன் மைந்தன்: பலகை சிதைந்திருக்கிறது ஐயா. சிதைந்த இடத்தில் என்ன இருந்தது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? ஆறு பெருகி மதில் இடிந்ததாக கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதியிருக்கிறாரே!

நெடுந்தூரன்: அவர் நினிவேயைக் கொண்டுபோய் யூப்ரடீஸ் கரையில் வைத்தவர்! ஊர் இருந்தது டைகிரிஸ் கரையில், ஈராக்கில் இன்றைய மோசூலுக்கு எதிரே. அவர் எழுதியதும் 500 வருஷத்துக்கு மேல் கழித்து. பலகையைச் சாட்சிக்கு அழைத்ததே நீங்கள். இப்போது சிதைந்த இடத்துக்குள் ஒளிகிறீர்கள்.

கோடைமழை: டைகிரிஸ் மட்டும்தான் ஆறா? கோசர் ஆறு நகரத்துக்கு நடுவே ஓடுகிறது. அசீரிய மன்னன் சனகெரிப் அதற்கு அணையும் கால்வாயும் கட்டினான். மதகைத் திறந்துவிட்டால் கோடையாவது மழையாவது!

நெடுந்தூரன்: திறந்துவிட்டார்கள் என்பதற்கு ஆதாரம்? நினிவே மதிலின் ஹல்சி வாசலைத் தோண்டியபோது கிடைத்தவை எலும்புக்கூடுகளும் அம்புமுனைகளும். வாசலையே கல் வைத்துக் குறுக்கியிருந்தார்கள். ஆட்கள் சண்டையில் செத்திருக்கிறார்கள் தம்பி, தண்ணீரில் இல்லை.

திண்ணை வாசகி: வெள்ளம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? கி.மு. 701-ல் யூதாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்ததை சனகெரிப் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். கழுவில் தொங்கும் ஆண்கள், மாட்டுவண்டியில் பிள்ளைகளோடு நாடு கடத்தப்படும் பெண்கள். அதைப் பார்த்தபிறகும் நாகூமின் கோபம் புரியாதா?

நெடுந்தூரன்: கொடுமையை நான் மறுத்தேனா அக்கா? கேள்வி வெள்ளம்.

சீயோன் மைந்தன்: மீன் விழுங்கிய பிறகு நினிவேக்குப் போய் எச்சரித்த யோனா தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசும்போதும் இதே வேலைதான். மீனையே பிடித்துத் தொங்கினீர்கள், நினிவே மனந்திரும்பியதைப் பேசவே விடவில்லை.

நெடுந்தூரன்: அன்றைக்குப் பதில் சொல்லாமல் ஓடியது யார்? சரி, நீதிக்கே வருகிறேன். ஈரான் பக்கத்து மேதியரோடு சேர்ந்து நினிவேயை வீழ்த்திய அதே பாபிலோன்தான் பிற்பாடு எருசலேம் ஆலயத்தையும் கொளுத்தியது. அதுவா நீதியின் கை?

கோடைமழை: ஏசாயா 10 படியுங்கள். அசீரியாவே கர்த்தருடைய கோபத்தின் கோல். கோலுக்குத் தலைக்கனம் ஏறினால் அதுவும் முறியும். பாபிலோனுக்கு கி.மு. 539 வந்ததே.

நெடுந்தூரன்: 539-ல் பாரசீக மன்னன் கோரேசின் படை பாபிலோனுக்குள் சண்டையில்லாமல் நுழைந்தது. ஊர் இடியவில்லை. நெருப்பில் அழிந்த சோதோமின் கதி வரும் என்று ஏசாயா 13 சொன்னது என்னவாயிற்று?

சீயோன் மைந்தன்: இன்றைக்குப் போய்ப் பாருங்கள், வெறும் இடிபாடு.

நெடுந்தூரன்: கி.மு. 323-லும் ஊர் நின்றது; அலெக்சாந்தர் செத்ததே அந்த ஊர் அரண்மனையில்தான். அதை விடுங்கள். ஆபு மாதத்தில் வெள்ளம் எப்படி? இன்னும் பதில் வரவில்லை.

கோடைமழை: கோசர் அணை என்று சொன்னேனே, கண்ணில் படவில்லையா?

நெடுந்தூரன்: படாமல் என்ன? ஆதாரம் கேட்டேன், அதுதான் இன்னும் கண்ணில் படவில்லை.

சீயோன் மைந்தன்: சிதைந்த வரிகளுக்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.