பழைய வின்செஸ்டர் 94 ரைபிளைப் பராமரிப்பது எப்படி?

கேள்வி: என் தாத்தாவின் வின்செஸ்டர் 94, அதாவது கீழுள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைபிள், 1964-க்கு முந்தைய தயாரிப்பு, உரிமத்துடன் என்னிடம் வந்துள்ளது. இரும்பின் மேலுள்ள நீலப்பூச்சு தேய்ந்து பழுப்பேறியிருக்கிறது. அதைப் புதுப்பிக்கலாமா? குழலை எந்தப் பக்கமிருந்து துடைப்பது?

பதில் 1: முதலில் தோட்டா அறையும் மேகசினும் (தோட்டாக்களைச் சேமிக்கும் பகுதி) காலியாக உள்ளனவா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். இந்த மாடலில் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னிருந்து மூடும் பாகம்) கழற்றுவது எளிதன்று என்பதால் குழலின் வாய்ப்பக்கமிருந்தே துடைக்க வேண்டியிருக்கிறது. துடைக்கும் கம்பி அங்குள்ள விளிம்பை உரசித் தேய்த்துவிட்டால் குறியின் துல்லியம் கெடும் என்பதால், குழல்வாயில் பித்தளை வழிகாட்டியைப் பொருத்தி, லீவரைத் திறந்து, அழுக்கு உள்ளே வடியாதபடி துணி வைத்த பிறகே தொடங்குங்கள்.

பதில் 2: பூச்சைத் தயவுசெய்து புதுப்பிக்காதீர்கள். தூக்கிச் சென்ற கை பட்டுத் தேய்ந்த அந்தப் பழுப்புதான் துப்பாக்கியின் வரலாறு. அதை அழித்தால் சேகரிப்பாளரிடம் மதிப்பும் குறைந்துவிடும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மரக்கட்டையில் மட்டும் அந்த எண்ணெய் ஊற விடாதீர்கள், மரம் மென்மையாகிவிடும்.

பதில் 3: ஒன்றைச் சேர்க்கிறேன். குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனை ஈயம் முன்னுள்ள தோட்டாவின் பிரைமரில் (அடிப்பகுதியில் உள்ள, அடிபட்டால் தீப்பற்றும் சிறு மூடி) இடித்து வெடிக்கச் செய்யக்கூடும். தட்டைமுனைத் தோட்டாக்களையே பயன்படுத்துங்கள். சுடுவதற்கு முன் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.