சமபகுதியங்களில் எது எந்த வகை என்று எப்படிப் பிரிப்பது?

கேள்வி: தம்பலகாமம் மாணவி

உயர்தரம் உயிரியல் பிரிவு படிக்கிறேன். சமபகுதியம் என்றால் மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்று, அமைப்பு வேறு என்று தெரியும். சங்கிலி, தானம், தொழிற்பாட்டுக் கூட்டம், கேத்திரகணிதம், ஒளியியல் என்று வரைவிலக்கணம் எல்லாம் பாடம். ஆனால் இரண்டு கட்டமைப்பைக் கீறித் தந்து என்ன வகை என்று கேட்டால் பேனை நகராது. திருகோணமலை ரவுணுக்கு வகுப்புக்கு வந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், சேரிடம் தனியாகக் கேட்க முடிவதில்லை. யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

பதில்: உவர்மலை ஆசிரியர்

பிள்ளை, வகைப் பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வை. எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்று மட்டும் முதலில் பார். இணைப்பே வேறு என்றால் அது கட்டமைப்புச் சமபகுதியம். எதனோலிலும் இருமெதைல் ஈதரிலும் காபன் 2, ஐதரசன் 6, ஒட்சிசன் 1. எதனோலில் ஒட்சிசன் ஒரு காபனோடும் ஓர் ஐதரசனோடும் இருக்கிறது, ஈதரில் இரண்டு காபன்களுக்கு நடுவில். அதனால் எதனோலுக்கு ஐதரசன் பிணைப்பு உண்டு, 78 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈதர் அறை வெப்பநிலையில் வெறும் வாயு. நீ சொன்ன முதல் மூன்றும் இந்த வகைக்குள்தான்.

புள்ளி போவது இந்த இடத்தில்தான், எனக்கு மெத்தக் கவலை: பென்ரேனை வளைத்து வளைத்துக் கீறிவிட்டு எல்லாம் புதிது என்று எண்ணுகிறார்கள். ஒற்றைப் பிணைப்பு சுழலும். கீறிய ஒவ்வொன்றுக்கும் பெயரிடு, ஒரே பெயர் வந்தால் ஒரே சேர்வைதான். காபன் 5, ஐதரசன் 12க்கு மொத்தமே 3.

இணைப்பு ஒன்று, முப்பரிமாண வெளியில் அணுக்கள் அமைந்த விதம் வேறு என்றால் திண்மச் சமபகுதியம். இரட்டைப் பிணைப்பு சுழலாது. அதன் இரண்டு காபனிலும் தனித்தனியே பார்: ஒவ்வொன்றிலும் இரு வேறு கூட்டங்கள் இருந்தால்தான் சிஸ் (ஒரே பக்கம்), திரான்சு (எதிர்ப்பக்கம்) என்ற கேத்திரகணித வகை வரும். பியூற்-2-ஈனுக்கு உண்டு. பியூற்-1-ஈனின் முனைக் காபனில் இரண்டுமே ஐதரசன், அதற்கு இல்லை.

ஒளியியலுக்கு, நான்கு வேறு கூட்டங்கள் உள்ள காபனைத் தேடு. பியூற்றன்-2-ஓலில் இரண்டாம் காபன்: ஐதரசன், ஐதரொட்சில், மெதைல், எதைல். வலம்புரிச் சங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் இடம்புரி ஆகாதே, அதே கதைதான்.

பதில்: கிண்ணியா, பல்கலைக்கழக மாணவன்

சேர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிஸ் பியூற்-2-ஈன் 4 பாகைக்குக் கிட்டவும் திரான்சு 1 பாகைக்குக் கிட்டவும் கொதிக்கும். எதிருருக்களுக்கு, அதாவது சேர் சொன்ன சங்குகள் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான ஒளியியல் சோடிக்கு, கொதிநிலை ஒன்றேதான். தளமுனைவாக்கிய ஒளியை (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை) ஒன்று வலப்பக்கமும் மற்றது அதே அளவு இடப்பக்கமும் திருப்பும்.

தம்பலகாமம் மாணவி

நன்றி சேர், நன்றி அண்ணா. காபன் 4, ஐதரசன் 8 கீறினேன்: பியூற்-1-ஈன், பியூற்-2-ஈனின் சிஸ், திரான்சு, அப்புறம் 2-மெதைல்புரோப்பீன். 4 சரியா?

உவர்மலை ஆசிரியர்

நாலும் சரி. வளையங்களையும் சேர்: சைக்கிளோபியூற்றேன், மெதைல்சைக்கிளோபுரோப்பேன். மொத்தம் 6. இனி காபன் 4, ஐதரசன் 9, புரோமீன் 1 கீறு. எதற்கு எதிருரு வருகிறது என்று இங்கேயே எழுது, பார்த்துச் சொல்கிறேன்.