டியேகோ ஃபோர்லானை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

செம்பூர்வாசி:

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை காதில் விழுகிறது: "வயசான வெளிநாட்டுக்காரங்க காசுக்கு வந்தாங்க, போனாங்க." மும்பை சிட்டிக்கு ஆடிய உருகுவேக்காரர் ஃபோர்லானையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2016 நவம்பர் 19, சனிக்கிழமை. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து பதினோரு நாள் ஆகியிருந்தது. காலையில் ஏடிஎம் வரிசையில் நின்று, எங்கள் முறை வருவதற்குள் மெஷினில் பணம் தீர்ந்து, வெறுங்கையோடு திரும்பினோம் நானும் என் மச்சானும். டிக்கெட் முன்பே எடுத்திருந்ததால் தப்பித்தோம். பர்ஸில் இரண்டே இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை வைத்துக்கொண்டு செம்பூரிலிருந்து அந்தேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மும்பை சிட்டிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆட்டம். மஞ்சள் சட்டை போட்ட மலையாளிகள் கேலரியில் நிறையவே இருந்தார்கள்.

அந்தேரி மைதானம் சின்னது. முன்வரிசைகளில் இடம் கிடைத்தால் ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்குவதுகூடத் தெரியும். வார்ம்அப்பில் ஃபோர்லான் கோலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தார். வலது காலால் ஒன்று, இடது காலால் ஒன்று, மாற்றி மாற்றி. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பந்தில் கால் படும் சத்தத்தை வைத்து எது வலது, எது இடது என்று சொல்ல முடியவில்லை. டிவியில் பத்து வருஷமாகப் பார்த்த ஆள்தான். ஆனால் இந்தச் சத்தம் டிவியில் வராது.

5வது நிமிடத்தில் அவருடைய முதல் கோல். 14வது நிமிடத்தில் இரண்டாவது. அத்தோடு அவர் ஓய்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், வயசு 37. அவர் என்னவோ நடுக்களம் வரை இறங்கி வந்து பந்தை வாங்கினார். எந்த இடத்துக்கு ஓட வேண்டும் என்று பக்கத்தில் இருந்த பையன்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். 63வது நிமிடத்தில் மூன்றாவது கோலும் வந்தது. அந்த சீசனின் முதல் ஹாட்ரிக். ஆட்டம் 5-0. எதிரணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் கோப்பல், அவரும் பழைய மான்செஸ்டர் யுனைடெட்காரர்தான்.

அந்த வருஷம் லீக் சுற்றில் மும்பைதான் முதலிடம், 23 புள்ளி. அரையிறுதியில் கொல்கத்தாவில் 3-2 என்று தோற்றோம். அந்த ஆட்டத்தில் ஃபோர்லானுக்கு ரெட் கார்டு வேறு. அதனால் மும்பையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் இல்லை, 0-0 என்று முடிந்து வெளியேறினோம். அவர் களத்தில் இருந்திருந்தால் ஒரு கோலாவது விழுந்திருக்கும் என்று இன்றுவரை நம்புகிறேன். எங்களை வெளியேற்றிய கொல்கத்தா அணியில் அப்போது பங்கு வைத்திருந்தது அட்லெட்டிகோ மாட்ரிட். 2008-09 சீசனில் ஸ்பானிய லீக்கில் மட்டும் 32 கோல் அடித்து, ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை அவர் வாங்கியது அதே கிளப்பின் சட்டையில்தான்.

இளையவர்களுக்காக அவர் போன வழியைச் சொல்லிவிடுகிறேன். மான்டிவிடியோவில் பிறந்து, அர்ஜென்டினாவின் இன்டிபென்டியன்டேயில் தொடங்கினார். 2002 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட். அங்கே முதல் கோல் அடிக்க எட்டு மாதம் ஆனது. மக்காபி ஹைஃபாவுக்கு எதிரான அந்த பெனால்டியை பெக்காம் தான் அடிக்காமல் இவரிடம் கொடுத்தார். அதே டிசம்பரில் லிவர்பூல் மண்ணில் மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்தார், யுனைடெட் ரசிகர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. பிறகு வில்லாரியல், அங்கே 25 கோலோடு ஒரு தங்கக் காலணி, தியரி ஆன்றியோடு பகிர்ந்துகொண்டது. அப்புறம் அட்லெட்டிகோ மாட்ரிட், இன்டர் மிலான், பிரேசிலின் இன்டர்நேசியோனல், ஜப்பானின் செரெசோ ஒசாகா, சொந்த ஊரின் பெனரோல், எங்கள் மும்பை, கடைசியாக ஹாங்காங்கின் கிட்சி. மொத்தம் பத்து கிளப்.

இந்த வழியில் எங்காவது அவரைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

நெல்லைச்சீமை:

நான் பார்த்தேன் அண்ணா. 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், சாக்கர் சிட்டி மைதானம். உலகக் கோப்பைக் காலிறுதி, உருகுவேக்கும் கானாவுக்கும். கம்பெனி வேலையாக அங்கே இரண்டு வருஷம் இருந்தேன்.

அந்த ஊரில் ஜூலை என்றால் நல்ல குளிர்காலம். கையுறை, குல்லா எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பிரிட்டோரியாவில் உருகுவே தென்னாப்பிரிக்காவை 3-0 என்று தோற்கடித்திருந்தது. அதில் இரண்டு கோல் ஃபோர்லானுடையது. ஊரே அந்தக் கோபத்தில் இருந்தது. போதாததற்கு உலகக் கோப்பையில் மிச்சமிருந்த ஒரே ஆப்பிரிக்க அணி கானா. 80,000 பேருக்கு மேல் இருந்த அந்த மைதானத்தில் உருகுவேக்காரர்கள் ஒரு மூலையில் கைப்பிடி அளவு. மற்றவர்கள் கையிலெல்லாம் வுவுசேலா என்ற ஊதுகுழல். பக்கத்து சீட்டுக்காரர் பேசினால் அவர் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் கேட்காது.

உருகுவேயின் கேப்டன் லுகானோ முதல் பாதியிலேயே காயம்பட்டு வெளியே போய்விட்டார். கேப்டன் பட்டை ஃபோர்லான் கைக்கு வந்தது. இடைவேளைக்குச் சற்று முன் கானாவின் முன்டாரி எங்கிருந்தோ அடித்த பந்து கோலுக்குள் போனது. அந்த நேரத்தில் ஸ்டாண்டின் கான்கிரீட் காலுக்கடியில் அதிர்ந்தது, மிகையாகச் சொல்லவில்லை.

55வது நிமிடம், இடது பக்கம் ஒரு ஃப்ரீ கிக். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பந்தின் பாதை முழுதாகத் தெரிந்தது. ஃபோர்லான் பந்தை வைத்தார், பின்னால் போனார், வந்து அடித்தார். நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் திசை மாறியது. கானாவின் கோல்கீப்பர் கிங்சன் ஒரு பக்கம் கால் வைத்துவிட்டார், பந்து மறுபக்கம் போய் விழுந்தது. அந்த உலகக் கோப்பைக்குக் கொடுத்த ஜபுலானி பந்தைப் பற்றி எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள், எங்கே போகும் என்றே தெரியவில்லை என்று. அது தான் சொன்ன இடத்துக்குப் போகிற மாதிரி அடித்தவர் இவர் ஒருவர்தான். அவ்வளவு பெரிய மைதானம் ஒரு நொடியில் அடங்கியது. உருகுவே மூலையிலிருந்து வந்த கூச்சல் முதல் தடவையாகக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் உள்ளே போகவிருந்த பந்தை உருகுவேயின் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்தார். அதற்காகக் கானாவின் கியான் அடித்த பெனால்டி கிராஸ்பாரில் பட்டு மேலே போனது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கானாவுக்காக எனக்கும் வயிறு எரிந்தது. பெனால்டி ஷூட்அவுட்டில் முதல் ஆளாக வந்தவர் ஃபோர்லான். அத்தனை வுவுசேலாவும் தனக்கு எதிராக ஊத, அமைதியாக அடித்துவிட்டுத் திரும்பினார். உருகுவேயை ஜெயிக்க வைத்த கடைசி பெனால்டியை மெதுவாகத் தூக்கி நடுவில் போட்டவர் செபாஸ்டியன் அப்ரேயு. ஊர் சுற்றியவர் என்றால் அவரையும் சொல்ல வேண்டும், வாழ்நாளில் 30க்கும் மேற்பட்ட கிளப்புகளுக்கு ஆடியவர்!

மொத்தம் 5 கோல், போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராகக் கடைசி உதை அவருடைய ஃப்ரீ கிக், அது கிராஸ்பாரில் பட்டு வெளியே போனது. அதை அறையில் டிவியில் பார்த்தேன். அது உள்ளே போயிருந்தால் 3-3.

கடலோடி:

நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். 2018இல் ஹாங்காங்கில் இருந்தேன். மாங் காக் மைதானம் நம் அந்தேரி மாதிரியே சின்னது, சுற்றிலும் வானுயர அடுக்குமாடி. ஜன்னலில் துணி காயப் போட்டிருக்கும் வீடுகளுக்கு நடுவே உலகக் கோப்பைத் தங்கப் பந்து வாங்கியவர் ஆடுகிறார் என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. வேகம் போயிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், டிஃபெண்டர்கள் அவரை ஓட்டத்தில் பிடித்துவிட்டார்கள். ஆனால் பந்து வருவதற்கு முன் தோளைத் திருப்பி ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்வார், ஒவ்வொரு முறையும். அன்று முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த சீசன் லீக்கை கிட்சி வென்றது. அடுத்த வருஷம் ஓய்வு என்று அறிவித்தார்.

செம்பூர்வாசி:

இரண்டு பேருக்கும் நன்றி. அந்தத் தோள் திருப்பலை நானும் அந்தேரியில் பார்த்தேன், நீங்கள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. அவர் குடும்பமே கால்பந்துக் குடும்பம். அம்மாவின் அப்பா கொராசோ உருகுவே அணியின் பயிற்சியாளராகத் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவை வென்றவர். அப்பா பாப்லோ 1967இல் அந்தக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். 2011 இறுதி ஆட்டத்தில் பராகுவேக்கு எதிராக இவர் இரண்டு கோல் அடித்தபோது மூன்று தலைமுறைக் கணக்கு நிறைந்தது. ஆனால் சின்ன வயசில் அவருக்கு டென்னிஸ் மீதும் அவ்வளவு பிரியம். அவருக்கு 12 வயசு இருக்கும்போது அக்கா அலெஹாண்ட்ரா கார் விபத்தில் சிக்கி, நடக்க முடியாமல் போனார். அக்காவின் சிகிச்சைக்குத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்றுதான் கால்பந்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த அக்கா பின்னாளில் சாலைப் பாதுகாப்புக்காக ஓர் அறக்கட்டளையே நடத்தினார்.

விட்டுப்போன டென்னிஸை அவர் விடவில்லை. 2024 நவம்பரில், 45 வயசில், மான்டிவிடியோவில் நடந்த தொழில்முறைப் போட்டியில் ஃபெடரிகோ கோரியாவோடு இரட்டையர் ஆட்டத்தில் இறங்கினார். 6-1, 6-2 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த யாராவது இருந்தால் எழுதுங்கள். ராக்கெட்டை எந்தக் கையில் பிடித்தார் என்பதிலிருந்து எல்லாம் வேண்டும்.