ஐசி படத்தில் இல்லாத மூக்குத்தி

பீங்கானில் முகம் வரைகிறவர்கள், வரையச் சொன்னவர்கள் அனுபவத்தை இந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று அழைத்திருந்ததால் நானும் எழுதுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தட்டுகளிலும் பீங்கான் பலகைகளிலும் உருவப்படம் வரைந்து தருகிறேன். வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் பழைய ஐசி (அடையாள அட்டை) படம்தான் இருக்கும். 1948இல் மலாயாவின் அவசரகாலத்தில் அடையாள அட்டை கட்டாயமானபோதுதான் ரப்பர் தோட்டத்தில் பலர் முதன்முதலாகக் கேமராவுக்கு முன் உட்கார்ந்தார்கள். சிலருக்கு அது ஒன்றுதான் படம்.

அப்படி ஒரு அக்கா வந்தார். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர், அவருடைய அம்மா கித்தா மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். படத்தைக் கொடுத்துவிட்டு, "தம்பி, அம்மா இவ்வளவு வெளுப்பு கிடையாது, நல்ல கறுப்பு. ரெண்டு மூக்குத்தியும் போட்டிருப்பாங்க. இதுல ஒண்ணுமே தெரியல" என்றார்.

அந்தக் கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் மைசன் பீங்கான் ஆலை தொடங்கியது 1710இல். அந்த ஐரோப்பிய மரபில் வந்த பாடங்கள் பெரும்பாலும் ரோஜா நிறத் தோலுக்கே கலவை சொல்கின்றன. நம் தோலுக்கு அது உதவாது. அடியில் இருப்பது பளீர் வெள்ளை. மெல்லிய பூச்சில் அது மேலே தெரிந்து முகத்தை வெளுக்க வைக்கும். ஒரேயடியாகத் தடித்துப் பூசினாலோ சூளையில் குமிழ்விட்டுப் பொரிந்து உதிரும். அதனால் பழுப்பை மெல்லியதாகப் பூசி, 800 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சுட்டு, ஆறவிட்டு, மேலே இன்னொரு பூச்சு. பழுப்புக்கு வெதுவெதுப்புத் தர இரும்புச் சிவப்பைச் சேர்ப்பேன். ஆனால் அதோடு மஞ்சள் கலந்தால் சூட்டில் சிவப்பு காணாமல் போய்விடும். கண்ணின் வெள்ளைக்கு நான் வண்ணமே வைப்பதில்லை, பீங்கானை அப்படியே விட்டுவிடுவேன். வண்ணப் பொடியைக் குழைக்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் சேர்த்தால் வண்ணம் சீக்கிரம் காயாது. கன்னத்தை நிதானமாக இழைக்கலாம்.

அளவெடுக்க நான் பின்பற்றுவது சீனர் வழி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜெனின் ஓவியர் தெங் பிஷான், புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதையே பீங்கானில் பெரிதாக்கி வரைந்தார். சின்ன ஐசி படத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது சூட்டுக்குப் பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பிரட்டுக்காக, காலையில பேர் கூப்பிடுறதுக்காக, விடியுமுன்னே எழுந்துடுவாங்க தம்பி. கண்ணுக்குக் கீழே எப்பவும் ஒரு சோர்வு இருக்கும்" என்றார். அடுத்த பூச்சில் அந்தச் சோர்வை வைத்தேன். அதுவரை அது யாரோ ஒருத்தி முகம். அதன் பிறகுதான் அவருடைய அம்மா.

மூக்குத்தி கடைசியில். திரவத் தங்கம் பூசும்போது வெறும் பழுப்புத் துளியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அக்கா முகம் வாடிவிட்டது. வண்ணங்களுக்கு வைத்ததைவிடக் குறைந்த சூட்டில் சுட்டு எடுத்தேன், மின்னியது. அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேராக்கின் பீடோர் ஊரிலிருந்து ஒருவர் கேட்டது:
அப்பா கல்லறைக்கு நாங்கள் அச்சுப் பீங்கான் படம்தான் வைத்தோம். புகைப்படத்தைப் பீங்கானில் சுட்டுப் பதிக்கும் முறைக்கு 1854லேயே பிரான்ஸில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். வெயில், மழை எதற்கும் வெளுக்கவில்லை. ஆனால் ஐசி எடுத்த அன்று பயந்துபோயிருந்த முகம் அப்படியே அதில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று வரைந்து வைக்கலாமா என்று யோசிக்கிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

என் பதில்:
கல்லறைக்கு அச்சுப் படமே போதும் அண்ணே. வீட்டுக்கு என்றால் படத்தோடு அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் கூட்டி வாருங்கள், உங்கள் அம்மா வந்தால் ரொம்ப நல்லது. சிரிக்கும்போது எந்தப் பக்கம் குழி விழும், மீசை எப்படி என்றெல்லாம் கேட்பேன். அப்புறம், இந்த வண்ணங்களில் ஈயம் இருக்கும். மாட்டி வைக்க மட்டும்தான். அந்தத் தட்டில் பலகாரம் எதுவும் வைக்காதீர்கள்.