பொருள்: ஓடைப் பூச்சி, புழுக்களுக்குப் பொதுச்சொல் (அவசரம்)

வணக்கம். மாணவர்கள் ஓடையில் வலைவீசி நீரின் தரத்தை மதிப்பிட உதவும் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பெந்திக் மேக்ரோஇன்வெர்டிபிரேட்' (நீரின் அடியில் வாழும், கண்ணுக்குத் தெரியும் முதுகெலும்பற்ற உயிர்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'ஆழடிப் பேருரு முதுகெலும்பிலி' என்று போட்டிருக்கிறேன். எனக்கே வாய் வரவில்லை.

-----

> ஆழடிப் பேருரு

பேருரு என்றால் விசுவரூபம்தான் நினைவுக்கு வரும். அரை மில்லிமீட்டர் கண்ணியுள்ள வலையில் தங்கினாலே அது 'மேக்ரோ'. வெறுங்கண்ணுக்குத் தெரியும், அவ்வளவே. கணுக்கால் நனையும் ஓடையில் ஆழம் ஏது? 'படுகைவாழி' எனலாம். 'ஈரூடகவாழி' இலங்கை வழக்கில் உண்டே.

-----

'வாழி' வியங்கோள் ஐயா! ஆற்றை வாழ்த்துவதுபோல் இருக்கிறது. தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள்: 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே', அதாவது நான்கு புலன் உடையவை. நண்டும் தும்பியின் இளவுயிரியும் இன்றும் ஒரே வலையில்தான் சிக்குகின்றன. 'நாலறிவி' என்றால் என்ன குறை?

-----

அதே மரபியலில் நந்து ஈரறிவு. வலையில் வரும் நத்தையை என்ன செய்வதாம்?

-----

உயிரியல் ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன். இங்கே அறிவு கணக்கில்லை, மூச்சுதான் கணக்கு. எந்த உயிர் வலையில் சிக்குகிறது என்பதை வைத்து நீரின் தூய்மைக்கு மதிப்பெண் போடும் பிரிட்டனின் பி.எம்.டபிள்யூ.பி. முறையில் கல்லீக் (ஸ்டோன்ஃபிளை) குடும்பங்கள் பலவற்றுக்கு 10 மதிப்பெண், கைரோனமிடுகளுக்கு (கொசு போன்ற, கடிக்காத ஈக்களின் புழுக்கள்) 2, மண்புழு இனத்து நீர்ப்புழுக்களுக்கு 1. கைரோனமிடுகளில் சில சிவந்திருப்பது ஹீமோகுளோபினால். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைத்துக்கொள்ளும். கல்லீக்கு அது முடியாது. தட்டில் ஆக்சிஜன் குறையட்டும், இரண்டு வாலையும் நீட்டிக்கொண்டு தண்டால் எடுப்பதுபோல் உடலை ஏற்றி இறக்கும். செவுள்மேல் நீரை ஓட்டத்தான். குப்பியில் அள்ளிய நீர் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். நேற்றிரவு ஆலைக்கழிவு வந்து போயிருந்தால் குப்பிக்குத் தெரியாது, மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் இவற்றுக்குத் தெரியும். மாணவருக்குப் புரியும்படி 'ஓடைச் சிற்றுயிர்' போதும்.

-----

நுண்ணுயிரோடு குழப்பிக்கொள்வார்கள். நண்டு சிற்றுயிரா? தூய தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, துல்லியம் வேண்டாமா?

-----

குழப்பினால் குழப்பட்டும், நுண்ணோக்கி தேவையில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம். ஆனால் 'ஓடை' வேண்டாம், ஏரியில் இருப்பவை விடுபடும். 'படுகைச் சிற்றுயிர்'. ஏழாம் வேற்றுமைத்தொகை, ஒற்று மிகும். யாரும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

-----

'படுகைச் சிற்றுயிர்' என்றே அனுப்புகிறேன். நால்வர் ஒப்பினார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நன்றி.

-----

நான் ஒப்பவில்லை என்பது பதிவாகட்டும். அத்துடன், மேலே அம்மா எழுதிய 'கல்லீ'யும் பிழை. ஈ இனத்துக்கு இறக்கை இரண்டு, இதற்கு நான்கு. 'கற்பூச்சி' அல்லவா சரி?

-----

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.