பொது நூலகத்தில் அமைதிக்கு இன்னும் இடம் உண்டா?

கேள்வி: குழந்தைகள் பகுதி, கணினிக் கூடம், கலந்துரையாடல் அறை ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்ட நிலையில், அமைதியாகப் படிக்க வருவோர் எங்கே அமர்வது? மின்னூலுக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்?

மறுமொழி 1: ஓசை மிகுந்த பகுதிகளை நுழைவாயிலருகே அமைத்து, வாசிப்பறையை மேல்தளத்திலோ கடைக்கோடியிலோ வைத்து, இடையே புத்தக அடுக்குகளை நிறுத்தினால், அவையே ஓசையை ஓரளவு உள்வாங்கிக்கொள்ளும்.

மறுமொழி 2: பதிப்பகங்கள் பலவும் ஓர் உரிமத்துக்கு ஒரே நேரத்தில் ஒரு வாசகர் என்ற முறையிலேயே மின்னூல்களை நூலகங்களுக்கு வழங்குகின்றன, அந்த உரிமமும் பல வேளைகளில் 2 ஆண்டுகளிலோ குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இரவல்களிலோ காலாவதியாகிவிடும். (அச்சு நூல் இப்படித் தானாக மறைவதில்லை.)

மறுமொழி 3: ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு (ரேடியோ அலை வழியே நூலை அடையாளங்காட்டும் சிறு பட்டை) ஒட்டிய நூல்களை இரவல் கருவியின் தட்டில் அடுக்கி வைத்தாலே இரவல் பதிவாகிவிடுவதால், விடுபடும் ஊழியரை வாசிப்பறைக்கு அனுப்பலாம். சுவரில் ஒட்டிய அறிவிப்புக்கு அடங்காதவர்கள் அவருக்கு அடங்குவார்கள்.